பாம்படம் சரியாக வந்தது, ஆச்சி வரவில்லை

எங்கள் வீட்டில் ஆச்சியின் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கருப்பு வெள்ளை. திருநெல்வேலியில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. காதில் தோளைத் தொடும் பாம்படம், நெற்றியில் பட்டையாகத் திருநீறு, லேசாக இறுகிய வாய். அதைப் பார்த்துப் பென்சிலில் வரையலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. முடித்து அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பாம்படம் அப்படியே இருக்கு. கண்ணும் எங்கம்மா கண்ணுதான். ஆனா இது எங்கம்மா இல்லட்டி."

அம்மா போகிறபோக்கில் சொன்ன இந்த மூன்று விஷயங்களையும் உளவியல்காரர்கள் ஐம்பது வருஷமாகச் சோதனைக்கூடத்தில் வைத்து உரசிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் வேலையாக ஸ்கேலை எடுத்தேன். புகைப்படத்தில் தலை உச்சியிலிருந்து மோவாய் நுனி வரை 60 மில்லிமீட்டர். கண் இருக்கும் கோடு உச்சியிலிருந்து 31-இல், கிட்டத்தட்டப் பாதியில். என் படம் அதைப்போல மூன்று மடங்கு, 180 மி.மீ. அப்படியானால் கண் 93-இல் வந்திருக்க வேண்டும். நான் போட்டிருந்தது 68-இல். ஆச்சியின் மண்டையில் இரண்டரை சென்டிமீட்டரைச் சீவி எறிந்திருக்கிறேன். அந்த இடத்தையும் சேர்த்துக் கன்னமும் மோவாயும் கீழே இறங்கிக் கிடக்கின்றன.

இது எனக்கு மட்டும் உள்ள குறை இல்லை. வளர்ந்த மனிதர் யார் தலையை அளந்தாலும் கண் ஏறக்குறைய நட்டநடுவில்தான் இருக்கும். நம்பாதவர்கள் கண்ணாடி முன் நின்று அளந்துகொள்ளலாம். ஆனால் பழக்கமில்லாதவர் கையில் பென்சிலைக் கொடுத்தால் பெரும்பாலும் கண்ணை மேலே கொண்டுபோய், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்துவிடுவார். ஒரு காரணம், முகத்தில் நமக்கு வேண்டிய சேதியெல்லாம் புருவத்துக்கும் வாய்க்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆள் யார், கோபமா சிரிப்பா, எங்கே பார்க்கிறார் எல்லாம் அங்கேதான். நெற்றிக்கு மேலே சேதி ஏதும் கிடையாது. சேதி இல்லாத இடத்தை மூளை சுருக்கிவிடுகிறது. பஸ்ஸில் ஊருக்குப் போகிறவருக்கு இடையில் வருகிற பொட்டல் எத்தனை மைல் என்று நினைவில் நிற்காத மாதிரி.

"எனக்குக் கை வராது" என்று பலரும் சொல்வார்கள். கையின் மேல் பழி போடுவது அநியாயம். பார்த்ததை ஏன் பலரால் வரைய முடிவதில்லை என்று 1997-இல் டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இரு ஆய்வாளர்கள் தேடினார்கள். நான்கு பேர் மேல் சந்தேகம். கை சொன்னபடி கேட்காமல் இருக்கலாம். எதை வரைவது, எதை விடுவது என்ற முடிவு தப்பாக இருக்கலாம். தான் வரைந்த படத்தையே ஒழுங்காகப் பார்க்காமல் இருக்கலாம். அல்லது வரையவேண்டிய பொருளைப் பார்ப்பதிலேயே கோளாறு இருக்கலாம். புகைப்படத்தின் மேல் தாளை வைத்து டிரேஸ் எடுக்கச் சொன்னபோது அதே கைகள் ஒழுங்காகவே வேலை செய்தன. ஒவ்வொருவரையும் விசாரித்து விடுவித்த பிறகு மிச்சமிருந்தது கடைசி ஆசாமி. தப்பு பார்வையில்தான்.

அதுவும் முகம் என்று வரும்போது பார்வை அநியாயத்துக்கு அவசரப்படுகிறது. 1969-இல் ராபர்ட் யின் என்ற ஆய்வாளர் வீடு, விமானம், முகம் என்று பல படங்களைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டி அடையாளம் கேட்டார். தலைகீழானால் எதுவுமே கொஞ்சம் சிரமம்தான். ஆனால் முகம் மட்டும் மற்றவற்றைவிட மிக மோசமாகக் குழப்பியது. 1980-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்சன் ஒரு வேடிக்கை செய்தார். மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். முழுப்படத்தையும் கவிழ்த்துப் பார்த்தால் தாட்சர் சாதாரணமாகச் சிரிப்பார். நேராக நிமிர்த்தினால் பார்க்கச் சகிக்காத கோரம். கவிழ்ந்த முகத்தில் அந்தக் கோரம் நம் கண்ணுக்கு எட்டவே இல்லை.

முகங்களைப் பார்க்கும்போது விசேஷமாகத் துடிப்பாகிற ஒரு பகுதி மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலானவர்களுக்கு வலதுபுறத்தில் வலுவாக, இருப்பதை நான்சி கான்விஷர் குழு 1997-இல் ஸ்கேன் எடுத்துக் காட்டியது. முகத்தைப் படிக்கும் இந்த ஏற்பாடு கண் தனி, மூக்கு தனி என்று கூறுபோடுவதில்லை; முகத்தை முழுசாக ஒரே வாயில் விழுங்குகிறது. ஒருவருடைய மூக்கை முகத்தோடு காட்டினால் இன்னாருடையது என்று சொல்கிறவர்கள், மூக்கை மட்டும் வெட்டிக் காட்டினால் தடுமாறுவதை 1993-இல் டனாகாவும் ஃபாராவும் கண்டார்கள். அம்மா சொன்னது இதைத்தான். கண் ஆச்சி கண்தான். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே உள்ள தூரங்கள் ஆச்சியுடையவை அல்ல.

பாம்படம் ஏன் சரியாக வந்தது என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. கூட்டத்தில் ஆளைப் பிரித்தறிய முகத்தைப் படிக்கிற மாதிரிப் பாம்படத்தைப் படித்து யாரும் வளர்வதில்லை. நான் அதை அருகில் பார்த்ததுகூட இல்லை. வேறு வழியில்லாமல் இங்கே ஓர் உருண்டை, அதன்மேல் ஒரு தட்டு, இந்த வளைவு இவ்வளவு சாய்வு என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். தெரியாத பொருள் என்பதால் ஒழுங்காகப் பார்த்தேன்.

வரையக் கற்றுக்கொடுப்பவர்கள் கையாளும் பழைய தந்திரங்கள் அநேகமாக எல்லாமே, முகத்தைப் பாம்படமாக்கிக் காட்டும் தந்திரங்கள்தாம். அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979-இல் வெளியிட்ட புத்தகத்தில், பிக்காசோ கோடுகளால் வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கி என்ற இசையமைப்பாளரின் படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையச் சொன்னார். அதுவரை குச்சி மனிதர்களைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நம்பமுடியாத அளவுக்கு நன்றாக வரைந்தார்கள். இடது மூளை ஓய்ந்து வலது மூளை வேலை செய்வதால் அப்படி ஆகிறது என்பது அவருடைய விளக்கம். ரோஜர் ஸ்பெர்ரி இரண்டு மூளைப் பாதிகளையும் பற்றிச் செய்த ஆய்வுகளிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். அந்த இடது வலது கணக்கு அவ்வளவு நறுக்காக இல்லை என்று இன்று தெரியும். விளக்கம் ஆட்டம் கண்டாலும் வித்தை பலிக்கிறது. புகைப்படத்தையும் கவிழ்த்து, வரைகிற தாளிலும் கவிழ்த்தே வரைந்து பாருங்கள். யின் கண்ட தடுமாற்றம் இங்கே நமக்கு உபகாரமாகிறது.

இன்னொரு தந்திரம் கட்டம் போடுவது. சென்னையில் சினிமா பேனர் வரைந்தவர்களுக்கு இது தினசரித் தொழிலாக இருந்தது. உள்ளங்கை அளவு ஸ்டில் படத்தில் கட்டம் கட்டமாகக் கோடிழுத்து, அதே எண்ணிக்கைக் கட்டங்களைப் பேனரில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போவார்கள். சாரத்தில் நின்று வரைகிறவருக்கு முழு முகம் தெரியாது. முன்னால் இருப்பது ஒரு மூக்குத் துவாரமோ புருவத்தின் கால்வாசியோதான். ஒரு கட்டத்துக்குள் முகம் இல்லை. ஒரு வளைவும் கொஞ்சம் இருட்டும்தான் இருக்கிறது.

இந்தக் கட்ட வித்தையை உலகின் பெரிய அருங்காட்சியகங்களுக்கே கொண்டுபோனவர் சக் குளோஸ் என்ற அமெரிக்க ஓவியர். 1967-68-இல் தன் முகத்தையே புகைப்படம் பார்த்துக் கட்டம் போட்டு வரைந்தார். படத்தின் உயரம் 273 செ.மீ., வாயில் சிகரெட், கலைந்த தலை, ஒவ்வொரு மயிர்க்காலும் தெரியும். 1988-இல் முதுகுத்தண்டு ரத்தக்குழாய் அடைபட்டு உடல் செயலிழந்த பிறகும், கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டு, கட்டம் கட்டமாகவே 2021-இல் சாகும் வரை வரைந்தார். விசேஷம் அதுவல்ல. குளோஸுக்கு முகங்களை அடையாளம் காணும் திறன் சிறுவயதிலிருந்தே இல்லை. பழகிய ஆளே எதிரில் வந்தாலும் யார் என்று தெரியாது. தலை கொஞ்சம் திரும்பினால் அவருக்கு அது புது முகம். தட்டையாக்கி, புகைப்படமாக அசையாமல் நிறுத்தினால்தான் மனதில் தங்கியது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாம் பாடுபட்டு அணைத்து வைக்கவேண்டிய இயந்திரம் அவருக்குப் பிறவியிலேயே ஓடவில்லை.

கட்டத்தைப் பற்றி ஒரு குறை சொல்லவேண்டும். கட்டம் போட்டே வரைந்துகொண்டிருந்தால் கட்டம்தான் வரையும், நீங்கள் வரைய மாட்டீர்கள். நான் ஒன்பது கட்டமாகக் குறைத்து, பிறகு நெடுக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று வந்து, கடைசியில் அதையும் விட்டேன். அந்தக் கோடு இருந்த இடத்தை அதன்பின் கண்ணே தேடிக்கொள்கிறது. தேர்ந்த ஓவியர்களின் கண்ணும் இப்படித்தான் போகிறது. இங்கிலாந்தில் ஜான் சலெங்கோ, ஹம்ஃப்ரி ஓஷன் என்ற உருவப்பட ஓவியரின் கண்ணசைவைக் கருவி வைத்துப் பதிவுசெய்தார். ஓவியர் மாடலின் முகத்தில் அங்குமிங்கும் அலையவில்லை. ஓரிடத்தில் நிலைகுத்தி, அந்த ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தாளுக்கு வந்து, மறுபடி அங்கே போனார். பழகாதவர்கள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் தாளையே பார்த்து வரைகிறோம். அந்த ஐந்து நிமிஷமும் மனதிலிருக்கும் பொது முகம் ஒன்றைத்தான் வரைகிறோம்.

கவிழ்த்தும் கட்டம் போட்டும் இரண்டாவது படத்தை முடித்து அம்மாவிடம் கொடுத்தேன்.

"ஆமா, எங்கம்மாதான். ஆனா எதையோ கண்டு பயந்தாப்ல முழிக்கா பாரு."

இந்த முறை ஸ்கேலில் குற்றம் இல்லை. ஒரு தபால் அட்டையை எடுத்து, பஞ்சிங் மெஷினில் ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாகப் புகைப்படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். முதலில் கண்ணின் வெள்ளை. ஓட்டைக்குள் தெரிந்தது நல்ல சாம்பல் நிறம். அட்டையை நெற்றியில் ஒளி விழுந்த இடத்துக்கு நகர்த்தினேன். அது கண்ணின் வெள்ளையைவிட வெளிச்சமாக இருந்தது! நான் கண்ணில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவைத்திருந்தேன், வெள்ளை என்று பெயர் இருக்கிறதே என்று. கண் ஓர் உருண்டை. மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. ஓரங்கள் வளைந்து இருட்டுகின்றன. அந்த நிழலை எடுத்துவிட்டால் இமை விலகி விழி பிதுங்கிய மாதிரி ஆகிவிடும். பயந்தாற்போல் முழிப்பது அதனால்தான். சிரிக்கிற படமானால் பல்லிலும் இதே வினை.

ஓட்டை இல்லாமல் ஏன் இது தெரியவில்லை? எம்.ஐ.டி.யின் எட்வர்ட் ஏடல்சன் 1995-இல் வரைந்த சதுரங்கப் பலகைப் படத்தைப் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். பலகைமேல் ஒரு உருளையின் நிழல். நிழலுக்கு வெளியே ஒரு கருப்புக் கட்டம், நிழலுக்குள் ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டும் அச்சில் ஒரே சாம்பல். எத்தனை முறை சொன்னாலும் கண் ஒப்புக்கொள்ளாது. கண்ணுக்குள் வந்து விழுகிற வெளிச்சத்தை அளப்பது மூளையின் வேலையில்லை. நிழலைக் கழித்துவிட்டு, பொருளின் உண்மை நிறம் என்ன என்று சொல்வதுதான் வேலை. மர நிழலில் வேட்டி சாம்பலாகவும் வெயிலில் வெள்ளையாகவும் மாறி மாறித் தெரிந்தால் பிழைப்பு நடக்குமா? வரைகிறவருக்கோ அந்தக் கழித்த நிழல்தான் வேண்டும்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள் என்று டிராயிங் மாஸ்டர்கள் சொல்வதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. சுருக்கினால் நுணுக்கம் மங்கி, பெரிய இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டும் மட்டும் மிஞ்சும். 1973-இல் லியோன் ஹார்மனும் பேலா யூலெஸும் ஆபிரகாம் லிங்கன் முகத்தைச் சில நூறு சாம்பல் சதுரங்களாக ஆக்கிக் காட்டினார்கள். கிட்டத்தில் வெறும் சதுரம். கண்ணைச் சுருக்கினால் லிங்கன். ஆள் அடையாளம் பெருமளவு அந்தத் திட்டுகளில்தான் இருக்கிறது, நாம் முதல் நாளே உட்கார்ந்து எண்ணுகிற கண்ணிமை மயிரில் இல்லை. புருவத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எம்.ஐ.டி.யில் பவன் சின்ஹா குழு 2003-இல் பிரபலங்களின் புகைப்படங்களில் சிலவற்றில் கண்களை அழித்தது, சிலவற்றில் புருவத்தை அழித்தது. புருவம் இல்லாத முகங்களைக் கண்டுபிடிப்பதுதான் அதிகக் கஷ்டமாக இருந்தது. நானோ கண்ணுக்கு இரண்டு நாள் உழைத்துவிட்டு, புருவத்தை இரண்டு இழுப்பில் முடித்திருந்தேன்.

தோல் நிறம் பற்றிப் புத்தகங்கள் சொல்வதை நாம் அப்படியே கேட்கக்கூடாது. மேல்நாட்டு ஓவியப் புத்தகங்கள் பல, தாளின் வெள்ளையையே தோலாக விட்டு நிழலை மட்டும் போடச் சொல்கின்றன. நம் நிறத்துக்கு அது ஆகாது. தோலின் எண்ணெய்ப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளி எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தோலுக்குள் புகுந்து வெளிவரும் ஒளிதான் கருத்த தோலில் குறைவு. அதனால் மாநிறம், கருப்பு முகங்களில் நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பு ஆகியவற்றின் பளபளப்பு தனியாக எடுபடும். முகம் முழுக்க 2பி பென்சிலால் சீராக ஒரு சாம்பல் போட்டு, பிசைந்து உருட்டும் ரப்பரால் பளபளப்பை ஒற்றி எடுப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது.

பென்சிலுக்கும் எல்லை உண்டு. நிகோலா கோந்தே 1795-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற முறைப்படி, கிராஃபைட் பொடியில் களிமண் கலந்து சுட்டதுதான் இன்றும் நாம் வாங்கும் பென்சில். களிமண் கூடினால் எச், கிராஃபைட் கூடினால் பி. ஆனால் கிராஃபைட் மெல்லிய தகடு தகடான பொருள். 8பி வாங்கி அழுத்தித் தேய்த்தால் தகடுகள் தாளோடு படுத்துக் கண்ணாடி மாதிரி மின்னும், கருப்பு ஆகாது. ஆச்சியின் கொண்டைக்குப் பின்னால் இருந்த கருந்திரையை எட்டிப்பிடிக்க நான் போராடியது வீண். எல்லாச் சாயலையும் ஒரு படி வெளுப்பாக்கி, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசத்தைக் காப்பாற்றினால் போதும். கறுப்பே வேண்டும் என்றால் கரித்துண்டு இருக்கிறது.

இவ்வளவு அளந்த புகைப்படமாவது உண்மையா என்றால், அதிலும் ஒரு கதை. ஆச்சிக்கு அந்த வயதில் நெற்றிக் கோடு ஒன்றுகூட இல்லாதது எனக்கு உறுத்தியது. அந்தக்கால ஸ்டுடியோக்களில் பிரிண்ட் போடுமுன் நெகட்டிவில் 'டச்சிங்' செய்வார்கள். பிரிண்டில் கருப்பாக விழும் சுருக்கம், நெகட்டிவில் வெளிறிய கீற்றாக இருக்கும். கூராகச் சீவிய பென்சிலால் அந்தக் கீற்றை நிரப்பிவிட்டால் பிரிண்டில் சுருக்கம் மறைந்துவிடும். ஆக, நான் பென்சிலில் பார்த்து வரைந்ததே ஓரளவு பென்சில் படம்தான்.

கேமராவை நிறுத்திய தூரத்தில் மட்டும் அந்த ஸ்டுடியோக்காரர் குறை வைக்கவில்லை. மூக்கு நுனியிலிருந்து காது 12 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைபேசியை மூக்குக்கு 30 செ.மீ. முன்னால் பிடித்தால் காது 42-இல். காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் 162-ஐ 150-ஆல் வகுக்க, 1.08 மடங்குதான். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி வருகிறவர்கள் பெருகியதால், அமெரிக்க முக அறுவை மருத்துவர்கள் சிலர் 2018-இல் இதைக் கணக்குப்போட்டு வெளியிட்டார்கள்; 30 செ.மீ.யில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிடச் சுமார் 30% கூடுதலாகத் தெரிகிறது. அக்கா மகள் அனுப்பிய செல்ஃபியை நான் மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்தும் அவள் முகம் வரவில்லை. பிசகு லென்ஸில்கூட இல்லை, கேமரா நின்ற தூரத்தில்.

ஆகவே வீட்டில் யாரையாவது வரையும் எண்ணம் இருந்தால், ஆறடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். கைபேசியில் முகத்தை மழுப்பும் ஃபில்டரை எடுக்குமுன் அணைத்துவிடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே எடுங்கள், சுருக்கத்தோடு.